வடியாத லோம் நிலம்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பதும் வகுப்புச் சொல்வதும்

மணல், வண்டல், களி மூன்றும் அளவாகக் கலந்த லோம் மண்ணுக்கு நல்ல மண் என்றுதான் பேர். ஆனால் அதிலேயே ஒரு ரகம் உண்டு. முழுச் சதுப்பும் இல்லை, ஒழுங்காக வடிவதும் இல்லை. மண் கணக்கெடுப்பில் வடிகாலை ஏழு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். மிகையாக வடியும் மண்ணிலிருந்து கீழே எண்ணி வந்தால் ஐந்தாவதாக நிற்கும் ‘ஓரளவு குறை வடிகால்’ என்ற வகுப்பு இதுதான். வெயில் காலத்தில் போய்ப் பார்ப்பவர் நல்ல நிலம் என்பார், மழைக்குப் பிறகு பார்ப்பவர் தேறாது என்பார். இரண்டுமே அரைகுறைத் தீர்ப்பு.

கீழே எந்த அறிகுறியைப் பிடித்துப் போனாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் போய் முட்டும்: தண்ணீர் மேலிருந்து இறங்க வழியில்லாமல் நிற்கிறதா, கீழிருந்து ஏறி வருகிறதா? இதற்குப் பதில் தெரியாமல் வடிகால் குழாய்க்குப் பணம் போட வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: மண்வெட்டி, கடப்பாரை, ஒன்றரை மீட்டர் இறங்கும் மண் துளைப்பான், கத்தி, அளவு நாடா, தெளிக்கத் தண்ணீர், ஒரு புட்டி மழைநீர், மன்செல் நிற அட்டை (மண்ணின் நிறத்தை ஒப்பிட்டு எண்ணாக எழுத உதவுவது), நோட்டு. நிற அட்டை இல்லாவிட்டால் முதல் இரண்டு அறிகுறிகளுக்குப் பாதகமில்லை. மூன்றாவதற்கு அது இல்லாமல் முடியாது.

## அறிகுறி 1: மழை விட்டு இரண்டு நாளாகியும் மேலேயே தண்ணீர் நிற்கிறது

முதலில் செலவில்லாத காரணம்: தண்ணீருக்குப் போக வழி இல்லை. வயலைச் சுற்றி ஒரு நடை நடங்கள். ஒவ்வொரு மழைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறதா? வரப்போரம் மண் மேடிட்டிருக்கிறதா? வாய்க்கால் வாயில் செடி அடைத்திருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் மண்வெட்டி வேலையோடு முடிந்துவிடும். மண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து மேல்தோல் இறுக்கம். தண்ணீர் நிற்கும் இடத்தின் ஓரத்தில் ஒரு மண்வெட்டி ஆழம் வெட்டுங்கள். மேலே குட்டை, பத்து சென்டிமீட்டர் கீழே வெறும் ஈரம் மட்டும் என்றால் தடை மேலேயே இருக்கிறது. வண்டல் துகள் அதிகமுள்ள லோமில் மழைத்துளி அடித்து மண் உடைந்து, காய்ந்ததும் தகடாகப் பெயரும். மூடாக்கு, மட்கு, தேவைக்கு மேல் உழாமல் இருப்பது என்று இதற்கு மருந்து எளிது. பொறுமை மட்டும் வேண்டும்.

பிறகு உழவடி இறுக்கம். குழிச் சுவரில் கத்திமுனையைக் கீழிருந்து மேலாக, இரண்டு விரல் இடைவெளியில் குத்திக்கொண்டே வாருங்கள். 20 முதல் 30 செ.மீ. ஆழத்துக்குள் ஓரிடத்தில் கத்தி திடீரென்று மறுக்கும். அந்த இடத்து மண்ணைப் பெயர்த்தால் உருண்டைக் கட்டியாக வராது, கிடைத்தகடுகளாக வரும். வேர்களும் அங்கே வந்து பக்கவாட்டில் திரும்பியிருக்கும். ஊடுருவு மானி (மண்ணில் கம்பியை இறக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று காட்டும் கருவி) இருந்தால், மண் நல்ல ஈரத்தில் இருக்கும்போது அழுத்திப் பாருங்கள். 2 மெகாபாஸ்கலைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் தடுமாறும். காய்ந்த மண்ணில் எடுத்த அளவை நம்பாதீர்கள், காய்ந்தால் எந்த மண்ணும் முறைக்கத்தான் செய்யும்.

உளிக்கலப்பை இதற்குச் சரியான மருந்துதான், ஆனால் அடிமண் காய்ந்திருக்கும்போது ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் இறுக்கம் உடையாது. கலப்பை போன தடத்தில் மண் மெழுகிவிட்டு, பழைய சிக்கலோடு புதிதாக ஒன்றும் சேரும். பதம் தெரியாவிட்டால் அந்த ஆழத்து மண்ணை எடுத்துக் கைக்குள் உருட்டுங்கள். திரி வந்தால் இன்னும் ஈரம் அதிகம். உதிர்ந்தால் ஓட்டலாம்.

அதுவும் இல்லையென்றால் களர், அதாவது சோடியம் மிகுந்த மண். மழைநீரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, உலர்ந்த சின்னக் கட்டி ஒன்றை மெதுவாக இறக்குங்கள். கிண்ணத்தை அசைக்கக் கூடாது. கட்டி பொலபொலவென்று உதிர்ந்து, தண்ணீர் தெளிவாகவே நின்றால் அங்கக மட்கு குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல் வெண்மூட்டம் கிளம்பினால் களி பிரிந்து மிதக்கிறது, சோடியத்தைச் சந்தேகிக்கலாம். குழாய்த் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பு களியைப் பிடித்து வைத்து, இல்லாத நல்ல பெயரை மண்ணுக்குக் கொடுத்துவிடும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: வெண்மூட்டம் கண்டால். மாற்றத்தக்க சோடியம் 15 சதவீதத்தைத் தொடுகிறதா என்று ஆய்வகம்தான் சொல்ல முடியும். ஜிப்சம் எவ்வளவு என்ற கணக்கும் அந்த எண்ணிலிருந்துதான் வரும். கண்ணளவில் கொட்டுவது பண விரயம்.

## அறிகுறி 2: மேலே காய்ந்துவிட்டது, ஒரு சாண் கீழே சொதசொதப்பு

நடந்தால் கால் புதையாது. பயிர் மட்டும் திட்டுத்திட்டாக மஞ்சள் பூத்து நிற்கும். தழைச்சத்துக் குறை என்று யூரியா போடுவார்கள், பலன் தெரியாது. நீர் நிரம்பிய மண்ணில் நைட்ரேட் வாயுவாக மாறிப் பறந்துவிடும், மூச்சு முட்டிய வேர் மிச்சத்தையும் எடுக்காது. இங்கே உரம் இரண்டாவது விஷயம்.

செய்ய வேண்டியது இரட்டைத் துளைச் சோதனை. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு துளை போடுங்கள். ஒன்று ஆழம் குறைந்தது, கத்திக்கு மறுக்கும் அடுக்குக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். மற்றது அந்த அடுக்கைத் தாண்டி ஒன்றரை மீட்டர் வரை. ஆழத்துளையில் அடிப்பகுதி மட்டும் ஓட்டை போட்ட குழாயை இறக்கி, இறுக்க அடுக்கின் மட்டத்தில் குழாயைச் சுற்றிப் பெண்டோனைட் களி வைத்து அடையுங்கள். இந்த அடைப்பு சரியாக இல்லையென்றால் மேல்தண்ணீர் குழாயோரமாக வழிந்து இறங்கி சோதனையையே கெடுத்துவிடும். இரண்டையும் மூடி வைத்து, மறுநாள் நீர்மட்டம் அளங்கள்.

- மேல் துளையில் தண்ணீர், ஆழத்துளை காய்ந்திருக்கிறது: தண்ணீர் இறுக்க அடுக்கின் மேல் நிற்கிறது. தொங்கு நீர்.
- இரண்டிலும் ஒரே மட்டம்: நிலத்தடி நீர் ஏறியிருக்கிறது.
- ஆழத்துளையில் மட்டம் இன்னும் மேலே: கீழிருந்து அழுத்தம் இருக்கிறது, மேட்டுப் பகுதியிலிருந்து ஊற்று வருகிறது.
- இரண்டும் காய்ந்திருக்கிறது: நீங்கள் வந்த காலம் சரியில்லை. நல்ல மழைக்குப் பிறகு மறுபடி அளங்கள்.

தொங்கு நீர் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது, தடை உழவால் வந்ததா, இயற்கையாகவே களி சேர்ந்த அடுக்கா என்பது. உழவடி இறுக்கம் மெல்லியது, கிடைத்தகடாக வரும், அதற்குக் கீழே மண் மறுபடி தளர்ந்துவிடும். இயற்கைக் களியடுக்கு அப்படியில்லை. இரண்டு மூன்று சாண் தடிமனில், கோணக்கட்டிகளாக உடையும். ஈரமான கட்டியை வெளிச்சத்தில் திருப்பினால் முகத்தில் மெழுகு பூசிய பளபளப்பு தெரியும். மேலிருந்து நீரோடு இறங்கிப் படிந்த களிப்படலம் அது. இதை உளிக்கலப்பையால் கிழித்து நிரந்தரமாகத் தீர்க்க முடியாது, சில பருவத்தில் மூடிக்கொள்ளும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: இயற்கைக் களியடுக்கு, ஏறும் நிலத்தடி நீர், ஊற்று, இந்த மூன்றில் எதுவானாலும். ஊற்று என்றால் வயல் முழுக்கக் குழாய் பதிப்பதைவிட மேட்டோரத்தில் குறுக்காக ஒரு இடைமறி வடிகால் போதுமா என்று பொறியாளரிடம் முதலில் கேளுங்கள். நிலம் ஈரநிலப் பட்டியலில் இருந்தால் வடிகால் வெட்டவே அனுமதி வேண்டியிருக்கலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: குழியில் சாம்பலும் துருவும் கலந்து கிடக்கிறது, எந்த வகுப்பு என்று பிடிபடவில்லை

அதிகமானவர்கள் சறுக்குவது இங்கேதான். காய்ச்சலும் பாய்ச்சலும் மாறிமாறி வரும் மண்ணில் இரும்பு ஓரிடத்தில் கரைந்து இன்னோரிடத்தில் துருவாகப் படியும். கரைந்த இடம் சாம்பல், படிந்த இடம் ஆரஞ்சு அல்லது செம்பழுப்பு. தண்ணீர் இல்லாத நாளிலும் தண்ணீர் வந்துபோன ஆழத்தை இந்த நிறம் காட்டிக் கொடுக்கும்.

முதலில் நிறத்தைச் சரியாகப் பாருங்கள். குழிச் சுவரில் மண்வெட்டி மெழுகிய முகத்தைக் கத்தியால் கொத்தி எடுத்துவிடுங்கள். கட்டியைக் கையால் உடைத்து, ஈரமாக்கி, சூரியன் முதுகுப்பக்கம் இருக்க அட்டையோடு ஒப்பிடுங்கள். அந்திச் செவ்வெயிலில் எல்லா மண்ணும் சிவப்பாகத் தெரியும், கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். மன்செல் அட்டையில் ஒளிர்வு 4 அல்லது அதற்கு மேல், செறிவு 2 அல்லது அதற்குக் கீழ் இருந்தால்தான் இரும்பு இழந்த சாம்பல் என்று எழுதலாம். 10ஒய்ஆர் 5/2 (ஒளிர்வு 5, செறிவு 2) தேறும், 10ஒய்ஆர் 5/4 தேறாது. பார்வைக்கு மங்கலாக இருக்கிறது என்பது கணக்கில் வராது.

பிறகு அளவு. பரப்பில் 2 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ‘சில’, 2 முதல் 20 வரை ‘பரவலாக’, அதற்கு மேல் ‘மிகுதி’. கூடவே புள்ளியின் குறுக்களவு, பின்னணியிலிருந்து எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது, விளிம்பு கூர்மையா மங்கலா என்பதையும் எழுதுங்கள். விளிம்பு பற்றிய குறிப்பு அடுத்த அறிகுறியில் உதவும்.

சாம்பல் தொடங்கும் ஆழம். கைக்கணக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம்: உழவடுக்கை ஒட்டியே, 25 செ.மீ.க்குள் சாம்பல் மேலோங்கினால் குறை வடிகால். 25 முதல் 50 செ.மீ.க்குள் சாம்பலும் துருவும் தலைகாட்டினால் நம்முடைய ஓரளவு குறை வடிகால். 50க்குக் கீழே, ஒரு மீட்டருக்குள் என்றால் மிதமான நல்ல வடிகால். வட்டாரக் கணக்கெடுப்பு வேறு ஆழம் வைத்திருந்தால் அதற்குத்தான் முன்னுரிமை.

இனிமேல்தான் முக்கியமானது: கட்டியை உடைத்து உள்ளே பாருங்கள். முஷ்டியளவு கட்டி ஒன்றை எடுத்து, அது தானாகப் பிளக்கும் கோட்டில் பிரியுங்கள்.

வெளிமுகம் வெளிறிய சாம்பல், உள்ளே செம்பழுப்பு: தண்ணீர் மேலிருந்து வெடிப்பு வழியே இறங்கி அங்கேயே நின்றிருக்கிறது. தொங்கு நீரின் கையெழுத்து இது.

வெளிமுகத்திலும் வேர்த்துளை ஓரத்திலும் துரு, உள்ளே சாம்பல்: கட்டியின் உள்ளே எப்போதும் நீர், மட்டம் இறங்கும்போது வெடிப்பு வழியே மட்டும் காற்று வந்திருக்கிறது. நிலத்தடி நீரின் கையெழுத்து.

இரட்டைத் துளைச் சோதனைக்கு மழை வேண்டும். இதற்கு வேண்டாம். உலக மண் குறிப்பு வகைப்பாடு முதல் வகையை ஸ்டாக்னிக் என்றும் இரண்டாவதை கிளேயிக் என்றும் பிரிப்பது இந்த உள்வெளி வித்தியாசத்தை வைத்துத்தான். இரண்டு சோதனையும் ஒரே பதில் சொன்னால் அதற்கு மேல் சந்தேகம் வேண்டாம். வேறு வேறு சொன்னால் துளைச் சோதனையில் பெண்டோனைட் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

சில ஏமாற்றுகளும் உண்டு. மூலப்பாறையே சாம்பலாக இருந்தால் மண்ணும் சாம்பலாக இருக்கும். பக்கத்தில் துருவே இல்லாத சாம்பலை உடனே நம்பாதீர்கள். உழவடுக்குக்குக் கீழே வெளுத்த அடுக்கு ஒன்று இருந்தால் அது களி இறங்கிப் போனதால் வெளுத்ததாகவும் இருக்கலாம். கறுப்புக் குண்டுமணி போல் உருண்டைகள் கண்டால் 3 சத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். சடாரென்று நுரைத்தால் மாங்கனீசு, சும்மா கிடந்தால் கரித்துண்டாக இருக்கலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மேல்மண் மட்கால் கறுத்துப் போய் கீழே உள்ள நிறத்தை மறைக்கும்போது. இரும்பு இப்போது கரைந்த நிலையில் இருக்கிறதா என்று ஆல்பா-ஆல்பா டைபிரிடில் சாயம் காட்டும். புதிதாகக் கையால் உடைத்த முகத்தில் தெளித்தால் இளஞ்சிவப்பு ஏறும். இரும்புக் கத்தி பட்ட முகத்தில் தெளித்தால் கத்தியின் இரும்புக்கே நிறம் வந்துவிடும். சாயம் நச்சுப் பொருள், பழக்கமுள்ளவர் கையுறையோடு செய்யட்டும்.

## அறிகுறி 4: நிறம் ஈரம் என்கிறது, நிலமோ காய்ந்து கிடக்கிறது

மூன்றே காரணம். ஒன்று, பார்த்தது வறண்ட பருவம். இரண்டு, எப்போதோ வடிகால் போட்டிருக்கிறார்கள். மூன்று, ஆறு தடம் மாறியோ பள்ளம் ஆழப்பட்டோ நீர்மட்டமே இறங்கிவிட்டது, நிறம் மட்டும் பழையது.

துருப்புள்ளியின் விளிம்பைப் பாருங்கள். ஓரம் மங்கிப் பின்னணியோடு கரைந்தால் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைவிட உறுதியான சாட்சி வேர். இப்போது உயிரோடிருக்கும் வெள்ளை வேரைச் சுற்றி ஆரஞ்சு உறை இருந்தால் அது இந்தக் காலத்து ஈரம். செத்துப் போன வேர்த்துளையில் மட்டும் துரு இருந்தால் உறுதி சொல்ல முடியாது.

வடிகால் போட்ட நிலத்தை எந்த வகுப்பில் எழுதுவது என்று இங்கே ஒரு வாக்குவாதம் தவறாமல் வரும். அமெரிக்க மண் கணக்கெடுப்புக் கையேட்டின்படி வடிகால் வகுப்பு என்பது இயற்கை நிலையைக் குறிப்பது. மனிதன் போட்ட வடிகாலோ பாசனமோ மண்ணின் தோற்றத்தையே கணிசமாக மாற்றியிருந்தால் ஒழிய அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே ‘ஓரளவு குறை வடிகால், குழாய் பதித்தது’ என்று எழுதிவிடுங்கள். ‘நல்ல வடிகால்’ என்று மாற்றி எழுதினால் குழாய் அடைத்த அன்று உங்கள் குறிப்பு பொய்யாகும்.

## அறிகுறி 5: குழாய் பதித்தும் ஈரம் போகவில்லை

மழைக்கு மறுநாள் வயலை மேலிருந்து பாருங்கள், மாடி கிடைத்தாலும் சரி, ட்ரோன் கிடைத்தாலும் சரி. குழாய்க்கு நேர் மேலே ஈரப்பட்டை தெரிந்தால் குழாய் அடைப்பு. குழாய்க்கு மேலே காய்ந்து, இரண்டு குழாய்க்கு நடுவில் மட்டும் ஈரம் என்றால் குழாய் வேலை செய்கிறது, இடைவெளிதான் அதிகம்.

அடைப்பு என்றால் வெளிவாயிலிருந்து தொடங்குங்கள். செடி, வண்டல், எலி வளை, உடைந்த முனை, இவற்றிலேயே பாதிச் சிக்கல் தீரும். வாயில் செம்பழுப்பு வழுவழுப்பு தொங்கினால் இரும்பு பாக்டீரியா. அது கழுவக் கழுவ வரும். வயல் நடுவே குழாய்த் தடத்தில் திடீர்ப் பள்ளம் விழுந்திருந்தால் கீழே குழாய் உடைந்து மண்ணை இழுக்கிறது, டிராக்டரை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

செலவு குறைவு என்று மோல் வடிகாலை (குழாய் இல்லாமல் மண்ணுக்குள்ளேயே துளைக்கும் சுரங்கம்) யாராவது சொன்னால் களி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஏறக்குறைய 30 சதவீதக் களியாவது இருந்தால்தான் அந்தச் சுரங்கம் நிற்கும். லோமில் இடிந்துவிடும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: இடைவெளி அதிகம் என்று தெரிந்ததும். நடுவில் இன்னொரு வரிசை போடுமுன் துளைமுறையில் நீர் கடத்துதிறனை அளந்து கணக்குப் போட வேண்டும்.

## அறிகுறி 6: கைக்கு லோம், ஆய்வகத்தில் வேறு

மண்ணைப் பிசையும் நேரம் போதவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். ஓரிரு நிமிடம் விடாமல் பிசைந்து, கட்டை விரலால் நாடாவாகத் தள்ளுங்கள். இரண்டரை செ.மீ.க்குள் ஒடிந்தால் லோம் பக்கம், ஐந்து வரை போனால் களிலோம், அதற்கு மேல் களி. லோம் என்று எழுத களி 7 முதல் 27 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், இருவரும் பார்த்தது வேறு வேறு அடுக்கு. மேல்மண் லோமாக இருக்கும்போதே மண் குடும்பப் பெயரில் ‘நுண்’ என்று வரலாம், ஏனென்றால் களி சேர்ந்த அடுக்கு உள்ள மண்ணில் குடும்பத்தை முடிவு செய்வது அந்த அடுக்கின் மேல் 50 செ.மீ. அங்கே களி 18 முதல் 35 சதவீதத்துக்குள் இருந்து, வண்டலின் ஆதிக்கம் இல்லாவிட்டால் ‘நுண்லோம்’. 35ஐத் தாண்டினால் ‘நுண்’.

## அறிகுறி 7: எல்லாம் எழுதியாயிற்று, பெயர்தான் வரவில்லை

வடிகால் வகுப்பும் வகைப்பாட்டுப் பெயரும் ஒன்று என்று நினைப்பதால் வரும் முட்டல் இது. அமெரிக்க மண் தொகுதிகளில் (ஒரே மாதிரி மண்ணுக்கு வைக்கும் உள்ளூர்ப் பெயர்) கிராஸ்பி, கோனோவர், ஃபிளானகன் மூன்றுமே ஓரளவு குறை வடிகால்தான். ஆனால் அமெரிக்க வகைப்பாட்டில் கிராஸ்பி ஏரிக் எபிஅக்குவால்ஃப், கோனோவர் அக்குவிக் ஹப்லுடால்ஃப், புல்வெளியில் உருவான ஃபிளானகன் அக்குவிக் ஆர்ஜியுடோல்.

மேலிருந்து வடிகட்டி வாருங்கள். மேல்மண் கறுப்பாக, தடிப்பாக, ஈரத்தில் ஒளிர்வும் செறிவும் 3க்குள் இருந்து, காரச்செறிவும் (மண் பிடித்து வைத்திருக்கும் கால்சியம், மக்னீசியம் போன்றவற்றின் பங்கு) அதிகமாக இருந்தால் மாலிசால் என்ற வரிசையின் பக்கம். இல்லையென்றால் களி சேர்ந்த அடுக்கு இருக்கிறதா பாருங்கள். மேல் அடுக்கில் களி 15 முதல் 40 சதவீதம் என்றால் கீழே அதைப்போல் குறைந்தது 1.2 மடங்கு வேண்டும், களிப்படலமும் கண்ணில் பட வேண்டும். இருந்தால் ஆல்ஃபிசால் அல்லது அல்டிசால் வரிசை. கீழே காரச்செறிவு 35 சதவீதத்துக்கு மேலா கீழா என்பதுதான் இரண்டையும் பிரிக்கும். அடுத்து, 50 செ.மீ.க்குள் சாம்பல் மேலோங்கியிருந்தால் ‘அக்கு’ துணைவரிசை. தலைகாட்டுவதோடு நின்றால் ‘அக்குவிக்’ துணைக்குழு. ‘அக்கு’ என்று வந்த பிறகு ‘எபி’யா ‘எண்டோ’வா என்பதற்கு மூன்றாவது அறிகுறியில் உடைத்த கட்டியே விடை: தொங்கு நீருக்கு ‘எபி’, நிலத்தடி நீருக்கு ‘எண்டோ’.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: காரச்செறிவு எண் கையில் இல்லாதபோது, அல்லது சாம்பல் 50 செ.மீ. கோட்டில் சரியாக இழுபறியில் நிற்கும்போது. குழியை மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு அடுக்கிலும் அரைக் கிலோ மண்ணை ஆழம் எழுதிய பையில் கட்டி வைத்து, சுவரில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுப் படம் எடுத்து வையுங்கள். வருகிற மண் வகைப்பாட்டாளர் முதலில் கேட்பது அந்த இரண்டும்தான்.